மின்சாரம் இரண்டு, கைபிடி ஒன்று



கட்டுரை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பழுதான றேடியோவைத் திருத்துவதுதான் இளமையில் நான் கற்ற தொழில். ஆயினும் சென்ற பொதுக்கூட்டத்தில் நான் சொன்னவற்றை எழுதித் தரவேண்டும் என்று இதழ்க்குழுவினர் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். கூட்டத்தில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயமும் உண்டு. இம்முறை அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நோர்வே அரசின் சமூகப் பாதுகாப்புப் பணியகம் வீடுதோறும் ஒரு சிறு கைநூலை அனுப்பியது அங்கத்தவர்களுக்கு நினைவிருக்கும். மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோனால் மூன்று நாட்களுக்குச் சமாளிக்க ஆயத்தமாயிருங்கள் என்று 2018 இல் சொன்னவர்கள், இம்முறை ஒரு வாரத்துக்கு ஆயத்தமாயிருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதை வைத்துத்தான் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. திருவிழா நாளில் மண்டபத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது, ஒரு ஜெனரேற்றர் வாங்கினால் என்ன என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சம்மதமாகவே இருந்தது.

அப்போது எங்கள் பிள்ளைகளில் ஒருவர், படித்த கெட்டிக்காரப் பிள்ளை, எழுந்து சொன்னார்: "மாமா, இது சின்ன வேலைதானே? இரண்டு பக்கமும் பிளக் பூட்டின ஒரு வயர் போதும். ஒரு முனையை ஜெனரேற்றரிலும் மற்ற முனையைக் குசினிச் சுவரில் உள்ள பிளக்கிலும் செருகினால் மண்டபம் முழுக்க வெளிச்சம் வரும். மெயின் சுவிற்சை மறக்காமல் நிறுத்தினால் சரி."

மறக்காமல்! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. அதே சொல்லை அதே நம்பிக்கையோடு 1986 இல் நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு றேடியோக் கடையில் வேலை. கடை முதலாளி ஐயாவிடம் ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேற்றர் இருந்தது. கரண்ட் அடிக்கடி நின்றுபோகும் காலமாகையால், கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் அதை வாடகைக்குக் கொடுப்பார். கொண்டுபோய் இயக்கி வருவது என் பொறுப்பு.

அது மாரிகாலம். ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று பின்னேரம் அடித்த காற்றில் ஒழுங்கை முகப்பில் ஒரு தென்னை முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்திருந்தது. வீடு இருளில் கிடந்தது. பந்தலுக்குத் தனியே வயர் இழுக்கப் பொழுதில்லை. ஆகவே இரு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றை நானே செய்து, ஜெனரேற்றரை வீட்டுச் சுவரிலிருந்த பிளக்கில் இணைத்தேன். முதலில் மெயினை நிறுத்தினேன். அதைத் தொடவேண்டாம் என்று சொல்லி ஒரு சிறுவனைப் பக்கத்தில் காவலுக்கும் வைத்தேன். பல்புகள் எரிந்தன. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமைதான்.

சற்று நேரத்தில் மின்சார ஊழியர்கள் ஏணியோடு வந்தார்கள். ஒருவர் மின்மாற்றியடிக்குப் போய் பியூஸைக் கழற்ற, மற்றவர் தூணில் ஏறினார். காவலுக்கு நின்ற சிறுவனைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். தூணில் ஆள் ஏறுவதைக் கண்ட வீட்டுப் பெரியவர் ஒருவர், 'இனிக் கரண்ட் வந்திருக்கும், பார்ப்போம்' என்று மெயினை மேலே தள்ளினார்.

ஜெனரேற்றரின் சத்தம் கனத்தது. என்னவென்று திரும்பினேன். அடுத்த வீட்டு விறாந்தையில் அணைந்து கிடந்த பல்ப் மங்கலாக எரிந்தது. அவர்களுக்கு எங்கிருந்து மின்சாரம் போனது என்று நான் எண்ணி முடிக்குமுன் தூணிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினேன். அந்த மனிதர் இடுப்புப் பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

சிறிய ஜெனரேற்றரால் ஊருக்கே மின்சாரம் கொடுக்க முடியாது, பாரம் தாங்காமல் தானாகவே நின்றுவிடும், ஆகவே ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது எப்போதும் உண்மையல்ல. அன்று கம்பி அறுந்திருந்தபடியால் எங்கள் வீட்டோடும் அயலில் இரண்டு வீடுகளோடும் அந்தத் துண்டு தனித்து நின்றது. அவ்வளவு பாரத்தை என் ஜெனரேற்றர் தாராளமாகத் தாங்கியது. கம்பி அறுபடாமல் மின்மாற்றியோடு தொடுத்திருந்தால் இன்னும் கொடுமை. மின்மாற்றி இரு திசையிலும் வேலை செய்யும். மேலிருந்து வரும் 11,000 வோல்ற்றை 230 ஆகக் குறைப்பதுபோல, கீழிருந்து ஏறும் 230 ஐ 11,000 ஆக உயர்த்தியும் விடும். பல மைல் தொலைவில், நிறுத்தப்பட்ட கம்பி என்று நம்பிக் கைவைப்பவனையும் அது கொல்லக்கூடும்.

இனி, நான் கூட்டத்தில் சொல்லாதது. அந்த ஊழியர் உயிர் தப்பினார். வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். மின்மாற்றியடியில் நின்ற சகஊழியன் அவசரப்பட்டுப் பியூஸைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் வயரை நான் சுருட்டி, சாக்கில் போட்டுக்கொண்டு வீடு வந்துவிட்டேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நான்கு மாதம் அப்படியே போனது. அந்த சகஊழியன் எங்கள் கடைக்கு முன்னால் தலை குனிந்தபடி சைக்கிளில் போவதை நான் நாள்தோறும் பார்த்தேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல் முதலாளி ஐயாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "சேட்டைப் போடு, போவம்" என்று சொல்லி விரலிழந்தவரின் வீட்டுக்கு அழைத்துப் போனார். திண்ணையில் இருத்தினார்கள். நடந்ததை அழுதபடி சொல்லி முடித்தேன். அந்த மனிதர் நெடுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"விரல் போனது போனதுதான், தம்பி. ஆனால் நாலு மாசமா நான் அவனோட கதைக்கேல்லை. பத்து வருசம் ஒண்டாய் வேலை செய்தனாங்கள்."

அன்று மாலையே அவர் அந்தச் சகஊழியன் வீட்டுக்குப் போனதாகப் பின்னர் அறிந்தேன்.

திரும்பி வந்ததும் முதலாளி ஐயா கடையின் பின்னறையிலிருந்து ஒரு பழைய சேஞ்சோவர் சுவிற்சை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்புக் கற்பலகையில் பூட்டியது. கத்தி அலகுபோல இரண்டு செப்புத் தகடுகள், அவற்றை இணைத்து ஒரே ஒரு கைபிடி. மேலே தள்ளினால் ஊர் மின்சாரம். கீழே தள்ளினால் ஜெனரேற்றர். நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. "இரண்டையும் ஒண்டாய் போட்டுக் காட்டு பாப்பம்" என்றார். எப்படிப் போடுவது? கைபிடி ஒன்றுதானே! ஓர் உறையில் இரண்டு வாள் இருக்கமுடியாது என்பார்களே, அந்தப் பழமொழியை அப்படியே செம்பில் செய்து வைத்ததுபோல இருந்தது. காவலுக்கு நின்ற சிறுவன் சாப்பிடப் போனாலும் போகட்டும், பெரியவர் ஆவலில் எதைத் தள்ளினாலும் தள்ளட்டும். மனிதனுடைய ஞாபகத்தை நம்பாமல் அந்தக் கைபிடியே காவல் நிற்கிறது.

நடுவில் உள்ள அந்த வெறும் இடம் ஏன் வேண்டும் என்பதையும் ஐயாதான் விளக்கினார். வீட்டுக்கு வருவது ஆடலோட்டம். ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவை ஏறி இறங்கித் திசை மாறுவது. 230 வோல்ற் என்று நாம் சொன்னாலும் உச்சியில் அது 325 வரை போகும். ஜெனரேற்றரும் அவ்வாறே ஆடுகிறது, ஆனால் தன் பாட்டுக்கு ஆடுகிறது. ஊர் மின்சாரம் மேல் உச்சியில் நிற்கும் நேரத்தில் இது கீழ் உச்சியில் நின்றால், இரண்டுக்குமிடையே 650 வோல்ற் வித்தியாசம். அந்த நேரத்தில் இரண்டும் தொட்டால் சிறியதுதான் அழியும். சுருள் கருகும், அல்லது அச்சே முறுகும். ஆகையால் ஒன்றை முற்றாக விட்ட பின்னரே மற்றதைப் பிடிக்கவேண்டும். அதிலும் நடுவில் சில விநாடி தரிக்கவேண்டும். தகடு விலகும்போது எழும் தீப்பொறி அணையவேண்டும். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்பி போன்றவற்றின் மோட்டார்கள் கரண்ட் நின்றபின்னும் சுழன்றபடி தாமே சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும், அதுவும் அடங்கவேண்டும். பதறாத காரியம் சிதறாது.

இதே பாடத்தைச் சில ஆண்டுகள் கழித்து மிகச் சிறிய உருவில் மீண்டும் படித்தேன். 1990 ஜூன் மாதம் மறுபடி போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அடியோடு நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பலரும் மாலையில் பி.பி.சி. தமிழோசை முடியும்வரை மாறி மாறிப் பெடல் சுற்றியவர்களே. சுற்றும் பிள்ளை களைத்து ஒரு நொடி நிறுத்தினாலும், முக்கியமான இடத்தில் செய்தி நின்றுவிடும். "அண்ணை, ஒரு பழைய பற்றரியையும் சேர்த்துக் கொழுவினால், நிண்டாலும் பாடாதோ?" என்று எல்லோரும் கேட்பார்கள்.

டைனமோ 6 வோல்ற். நான்கு பற்றரி சேர்ந்தாலும் 6 வோல்ற். ஆனால் நேரே இரண்டையும் சேர்த்தால் வேகமாகச் சுற்றும்போது டைனமோ பற்றரிக்குள் மின்சாரத்தைத் திணிக்கும். பற்றரி ஊதி, ஒழுகி, றேடியோவையே அரித்துவிடும். இதற்குப் பரிகாரம் டயோட் என்ற சிறு பொருள். தண்ணீர் இறைக்கும் மிசினின் குழாயடியில் ஒரு வால்வு உண்டல்லவா? தண்ணீரை மேலே விடும், திரும்பிக் கிணற்றுக்குள் விழ விடாது. மின்சாரத்துக்கு டயோட் அத்தகைய வால்வு. டைனமோவின் ஆடலோட்டத்தை முதலில் நான்கு டயோட்டுகளால் ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாக்கி, ஒரு கொண்டளவியால் நிரவிக்கொள்வேன். பிறகு அந்தப் பக்கம் ஒரு டயோட், பற்றரிப் பக்கம் ஒரு டயோட். எந்தப் பக்கம் அழுத்தம் கூடவோ அந்த வால்வு திறக்கும், மற்றது தானாக மூடிக்கொள்ளும். பெடல் நின்றால் பற்றரி பிடித்துக்கொள்ளும், பெடல் சுற்றினால் பற்றரி ஓய்வெடுக்கும். கை மாறுவது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

அதற்கும் ஒரு கூலி உண்டு. டயோட் ஒவ்வொன்றும் 0.6 அல்லது 0.7 வோல்ற்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்த பழைய பற்றரிக்கு அது பெரிய நட்டம். இன்றைய கைத்தொலைபேசிகளிலும் கணினிகளிலும் டயோட்டுக்குப் பதிலாக ஒருவகைத் திரான்சிஸ்ரரை வால்வுபோல வேலை வாங்குகிறார்கள், அதில் நட்டம் மிகமிகக் குறைவு. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வால்வு வைத்து இரண்டு ஊற்றுக்களைச் சேர்க்கும் இந்த உபாயம் ஒரே திசையில் ஓடும் நேரோட்டத்துக்கே பொருந்தும். திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்துக்கு வால்வு வைக்க முடியாது. அங்கே வழி, ஒற்றைக் கைபிடியும் நடுவிலுள்ள வெறும் இடமுமே.

1992 இல் கிளாலிக் கடலேரியைக் கடந்து, கொழும்பு வந்து, ஒருவாறு ஒஸ்லோ சேர்ந்தேன். என் சாமான்களோடு ஒரு ரெஸ்ரரும் வந்தது. மின்சாரம் உள்ள துளையில் வைத்தால் பிடியில் சிறு விளக்கு எரியும் திருப்புளி. புது அறைக்கு வந்த முதல் நாள், பழக்கதோஷத்தால் சுவர்ப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு துளையில் எரிந்தது. மற்றதில் வைத்தேன், அதிலும் எரிந்தது! எங்களூரில் ஒன்றில்தான் எரியும், மற்றது நடுநிலைக் கம்பி. வயரிங் பிழை என்று பதறி, பக்கத்து அறையில் இருந்த நோர்வேஜியரை அழைத்தேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார்.

நோர்வேயின் பழைய கட்டடங்கள் பெரும்பாலானவற்றுக்கு நடுநிலைக் கம்பி வருவதில்லை. வருகிற இரண்டுமே உயிருள்ள கம்பிகள். ஒன்றுக்கொன்று 230 வோல்ற், நிலத்துக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 வோல்ற். புதிய குடியிருப்புக்களில் நடுநிலையோடு கூடிய 400 வோல்ற் முறை வந்திருக்கிறது. எந்தக் கட்டடத்தில் எந்த முறை என்பது வெளியே பார்த்தால் தெரியாது. ஊரில் உயிர்க்கம்பியை மட்டும் வெட்டி மாற்றிப் பழகிய கைகள் இங்கேயும் ஒரு கம்பியை மட்டும் மாற்றினால், மற்ற உயிர்க்கம்பி வெளியே ஊரோடு தொடுத்தபடியே கிடக்கும். ஆகவே மண்டபத்துக்கு வைக்கும் சுவிற்ச், வருகிற எல்லா உயிர்க்கம்பிகளையும் ஒரே அசைவில் விடுவித்து, ஒரே அசைவில் பிடிப்பதாக இருக்கவேண்டும்.

இன்னுமொன்று. இந்நாட்டில் இத்தகைய வேலையைப் பதிவுபெற்ற மின்சார நிறுவனம் ஒன்றே செய்யலாம். செய்து முடித்ததும் விதிப்படி செய்யப்பட்டது என்று கையெழுத்திட்டுப் பத்திரமும் தரவேண்டும். நாற்பது வருஷ அனுபவம் என்று என்னைப் போன்றவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைத் திறக்கக்கூடாது. எனக்கு அந்த உரிமை இல்லை, நான் தொடவும் மாட்டேன்.

கூரையில் சூரியத் தகடு பூட்டிய அங்கத்தவர்களும் இதைக் கேட்கவேண்டும். கரண்ட் போனாலும் தங்கள் வீட்டில் விளக்கு எரியும் என்று சிலர் எண்ணியிருக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் அப்படி எரியாது. ஊர் மின்சாரம் நின்றதும் சூரியத் தகட்டின் கருவி தானாகவே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். தூணில் நிற்பவரின் கையைக் காப்பதற்காகவே அந்த ஏற்பாடு. வீட்டை ஊரிலிருந்து முற்றாகப் பிரிக்கும் சுவிற்சும், தனித்து இயங்கத்தக்க கருவியும் பற்றரியும் இருந்தால் மாத்திரமே அந்த வெளிச்சம் கிடைக்கும்.

ஆகவே கூட்டத்தில் நான் சொன்ன யோசனை இதுதான். இப்போதைக்கு ஜெனரேற்றரை மண்டபத்தின் வயரிங்கோடு சேர்க்கவே வேண்டாம். வெளியே, கதவு யன்னல்களுக்கு எட்டத்தில் வைப்போம். அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத நஞ்சு உண்டு, குளிர் என்று உள்ளே வைத்தால் ஆட்கள் உறக்கத்திலேயே போய்விடுவார்கள். அதிலிருந்து தனி வயரில் சில விளக்குகளும் ஒலிபெருக்கியும் மாத்திரம். வழிகாட்டும் விளக்குகளுக்குப் பற்றரி. மண்டபம் முழுவதுக்கும் வேண்டுமென்று சபை தீர்மானித்தால், பதிவுபெற்றவர்களை அழைத்து, ஒற்றைக் கைபிடிச் சுவிற்சும் ஜெனரேற்றருக்கென்றே செய்த இணைப்பும் பூட்டுவிப்போம். செலவு கூடத்தான். ஆனால் இரண்டு விரலின் விலை என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்தக் கைநூல் பற்றரியில் இயங்கும் டாப் றேடியோ ஒன்றை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. தேசிய வானொலிகள் 2017 இல் பழைய எப்.எம். முறையை விட்டு அதற்கு மாறிவிட்டன. நானும் ஒன்று வாங்கினேன். பற்றரி, சூரியத் தகடு, கையால் சுற்றும் பிடி என மூன்று வழியிலும் அது பாடும். பழைய பழக்கம் விடுமா? திறந்து பார்த்தேன். உள்ளே, அரிசிமணி அளவில் அதே டயோட்டுகள். பிடியைச் சுற்றிப் பார்த்தேன். பேரப்பிள்ளை வந்து, "அப்பப்பா, கரண்ட் இருக்கே, ஏன் சுற்றுறீங்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது.

கூட்டத்தில் யோசனை சொன்ன பிள்ளை பிறகு தனியே வந்து, "மாமா, ஏன் அப்படிப் பயந்தீங்கள்?" என்று கேட்டார். இக்கட்டுரையே அவருக்கு என் பதில். அவர் கெட்டிக்காரர். 1986 இல் நானும் கெட்டிக்காரன்தான். வேலை தெரியாததனால் அந்த விபத்து வரவில்லை. ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் ஞாபகமாக இருப்பார்கள் என்று நம்பியதால் வந்தது.

அங்கத்தவர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. இரு முனையிலும் பிளக் பூட்டிய வயர் உங்கள் வீட்டு நிலவறையிலோ மலை வீட்டிலோ கிடந்தால், நல்ல வயர், பின்னுக்கு உதவும் என்று வைத்திருக்கவேண்டாம். இன்றைக்கே அதை நடுவால் வெட்டிவிடுங்கள்.